ஒரு வரி அட்டை

லிஜி வீட்டில் பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று காலை சரியாக ஒன்பது மணிக்குப் பெல் அடித்தது. அடித்தவள் லிஜியேதான். மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் இதற்கென்றே வாங்கி வந்த பித்தளைக் கைமணி அது. சத்தம் கேட்ட அடுத்த வீட்டுக்காரி, தெருவில் யாரோ நோயாளிக்குச் சாமியார் மணி அடித்து நற்கருணை கொண்டுபோகிறார் என்று நினைத்து, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு வாசலிலேயே முழங்கால் போட்டுவிட்டாள். விஷயம் தெரிந்து அவள் எழுந்த வேகத்தில், மத்தியானத்துக்குள் குளச்சல் கடற்கரை முழுக்க லிஜிக்குக் கிறுக்குப் பிடித்த செய்தி பரவிவிட்டது.

உள்ளே, அந்தப் பள்ளிக்கூடத்தின் ஒரே மாணவியான பத்து வயது ஜெப்சி, பழைய சீருடையும் இரட்டைச் சடையுமாகச் சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சீருடை வேண்டாம் என்று மகள் கெஞ்சியதை லிஜி காதில் வாங்கவில்லை. பள்ளிக்கூடம் என்றால் பள்ளிக்கூடம் மாதிரி இருக்க வேண்டாமா? நீள நோட்டு ஒன்றில் கோடு போட்டு வருகைப் பதிவேடு கூட வைத்திருந்தாள், அதிகாரி யாராவது வந்து கேட்டால் காட்டுவதற்கு. எந்த அதிகாரி, எதற்கு வருவார் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஜெப்சி மக்குப் பிள்ளை இல்லை. ஒருமுறை கேட்ட பாட்டைத் திருப்பிப் பாடுவாள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, அப்பாவின் வள்ளம் எப்போது கரை சேரும் என்று சரியாகச் சொல்வாள். புத்தகத்தைத் திறந்தால்தான் வம்பு. எழுத்துகள் நெரிசலில் நிற்கும் பஸ் பயணிகளைப் போல ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன என்று அவளே ஒருநாள் சொன்னாள். நான்காம் வகுப்பு முடிகிறவரை டைரியில் சிவப்பு மையில் “அக்கறை இல்லை” என்றே எழுதி வந்தது. லிஜியும் அதை நம்பி, பிள்ளையைப் பிடித்து இரண்டு போடு போட்டிருக்கிறாள்.

நாகர்கோவிலில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் அஸ்வதி டீச்சரிடம் கூட்டிக்கொண்டு போனபோதுதான் விஷயத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது. டிஸ்லெக்சியா. புத்திக்கு ஒரு குறைவும் இல்லை, எழுத்து உள்ளே போகும் வழி மட்டும் வேறு என்றார் டீச்சர். அவருக்கு இருபத்தேழு வயதுதான் இருக்கும். லிஜி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில், அடுத்து காத்திருந்த தாயும் சேர்ந்து அழுதாள். வீட்டில் வைத்தே படிக்க வைக்கலாம், வயது வந்ததும் திறந்தநிலைப் பள்ளி மூலமாகப் பரீட்சை எழுதலாம், எழுதிக் கொடுக்க ஆள்கூடக் கேட்டு வாங்கலாம் என்று அங்கேதான் தெரிந்தது. ஐந்தாம் வகுப்புக்குப் பணம் கட்டாமல் லிஜி மணி வாங்கப் போனது அப்படித்தான்.

ஆனால் அந்தக் கரையில் “பெண்பிள்ளையை நிறுத்தி வீட்டில் வைத்திருக்கிறார்கள்” என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த அர்த்தத்தோடு இரண்டாம் நாளே வந்து இறங்கினாள் சகாயமேரி.

சகாயமேரி, லிஜியின் கணவன் ததேயுஸின் அக்கா. அவனுக்கு எட்டு வயது மூத்தவள். தினமும் விடிவதற்குள் துறைமுகத்தில் மீன் எடுத்து, ஆட்டோவில் கொண்டுபோய், ஊர் ஊராக விற்றுவிட்டுப் பத்து மணிக்குத் திரும்பிவிடுவாள். தாய் தகப்பன் இல்லாத தம்பியை அந்த மீன் காசில்தான் பத்தாம் வகுப்புவரை படிக்க வைத்தாள். தெருவில் பதினைந்து வீடுகள் சேர்ந்த அன்பியத்துக்கு, அதாவது மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற குழுவுக்கு, இருபது வருடமாக அவள்தான் தலைவி. அவள் குரல் வந்த பிறகுதான் ஆள் வரும்.

“ஏட்டி லிஜி, நல்லா இருக்கப்பட்ட பிள்ளைய நிறுத்தி வீட்டுல வச்சிருக்கியே, உனக்கு மனசாட்சி உண்டா?”

“நிறுத்தல்ல மைனி. வீட்டுல வச்சுப் படிப்பிக்கேன்.”

“வீட்டுல என்னத்தட்டி படிப்பு? வீட்டுல இருந்தா பாத்திரம் கழுவப் படிக்கலாம். கொச்சுப் பிள்ளைக்கு மூக்குத் தொடைக்கப் படிக்கலாம்.”

லிஜி டிஸ்லெக்சியாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். சகாயமேரி கையைக் காட்டி நிறுத்தினாள். “அந்தப் பேரெல்லாம் எனக்கு வேண்டாம். பொம்பளப் பிள்ளைய வீட்டுல வைக்கது பாவம். அவ்வளவுதான்.” சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. கோபத்தில் என்று லிஜி நினைத்துக்கொண்டாள்.

ததேயுஸ் நல்லவன். கடலில் யாருக்கும் பயப்படமாட்டான், கரையில் அக்காவுக்கு மட்டும் பயப்படுவான். “அக்கா பறஞ்சா அதுல ஒரு காரியம் இருக்கும்” என்று இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் ஒரு தீர்ப்பு சொன்னான். வருகிற மே மாதம் அன்பியம் நம் வீட்டுக்கு வருகிறது. அன்றைக்கு ஜெப்சி எல்லார் முன்னாலும் வாசகம் வாசித்துவிட்டால் அவள் வீட்டிலேயே படிக்கட்டும். இல்லையென்றால் ஜூனில் நாகர்கோவிலில் மடத்து சிஸ்டர்களின் ஹாஸ்டல் பள்ளிக்கூடம்.

எந்த வீட்டில் அன்பியம் கூடுகிறதோ அந்த வீட்டுப் பிள்ளைதான் வேதப்புத்தகத்திலிருந்து வாசிக்க வேண்டும். வேறு தெருக்களில் இந்தச் சட்டம் கிடையாது. தலைவியானதும் சகாயமேரி கொண்டுவந்தது. “பிள்ளைகளுக்க வாய் தொறக்கட்டு” என்பாள். பங்குச்சாமியார் பூசையிலேயே இதற்காக அவளைப் பாராட்டியிருக்கிறார்.

ஆக, லிஜிக்குப் பதினோரு மாதம் இருந்தது. அதில் முதல் மூன்று மாதத்தை அவள் மணி அடித்தே பாழாக்கினாள். முதல் பீரியட், இரண்டாம் பீரியட், இடையில் பத்து நிமிட இடைவேளை. ஜெப்சி கக்கூசுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, “நான் இண்ணைக்கு லீவு” என்று உள்ளிருந்து கத்துவாள். லிஜி வெளியே நின்று பதிவேட்டில் ஆப்சென்ட் போடுவாள். ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்த அஸ்வதி டீச்சர் இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்.

“அக்கா, நீங்க பிள்ளைய பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டு வரல்ல. பள்ளிக்கூடத்தத் தூக்கி வீட்டுக்குள்ள கொண்டு வச்சிருக்கிய. அவ பாவம், எங்க போவா?”

அன்று மத்தியானமே மணி பரணுக்குப் போயிற்று. சீருடை அடுக்களையில் கைப்பிடித் துணியானது.

அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் படிப்பு தொடங்கியது. சனிக்கிழமை தோறும் ஜெப்சி டீச்சர் வீட்டுக்கும் போய்வந்தாள். கடற்கரை மணலைத் தாம்பாளத்தில் பரப்பி ஜெப்சி விரலால் எழுதினாள். ததேயுஸ் பழைய வலைக் கயிற்றை வளைத்துப் பலகையில் ஒட்டிக் கொடுத்தான், அவள் கண்ணை மூடிக்கொண்டு தடவி எழுத்தைச் சொன்னாள். பாடங்களை லிஜி போனில் பேசிப் பதிவு செய்வாள், ஜெப்சி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்பாள். டீச்சர் சேர்த்துவிட்ட வாட்ஸ்அப் குழுவில் முகம் தெரியாத தாய்மார் பலர் இருந்தார்கள். தக்கலையிலிருந்து ஒருத்தி கதைகளை வாசித்து அனுப்பினாள், வள்ளியூரிலிருந்து ஒருத்தி கணக்கைப் பாட்டாகப் பாடி அனுப்பினாள். இரவு படுக்கும்போது லிஜி அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அருள்நிறை ஜெபம் சொல்வாள். சொந்தக்காரர்கள் செய்யாததைச் செய்தவர்கள் ஆயிற்றே.

எல்லாவற்றையும் விட உதவியது ஓர் அட்டை. பழைய மஞ்சள் ஃபைல் அட்டையை உள்ளங்கை நீளத்துக்கு வெட்டி, நடுவில் ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு ஜன்னல் போட்டுத் தந்தார் டீச்சர். அதைப் பக்கத்தின் மேல் வைத்தால் மற்ற வரிகளெல்லாம் மறைந்துவிடும், நெரிசல் இருக்காது. ஜெப்சி அந்த அட்டையைப் பாவாடைப் பையிலேயே வைத்துக்கொண்டாள். குளிக்கப் போகும்போது மட்டும் வெளியே எடுத்து வைப்பாள். மாதா படத்துக்குப் பக்கத்தில்தான் வைப்பாள்.

ஏப்ரலில் ஜெப்சி வாசித்தாள். ஆனால் எப்படி? ஒரு வரிக்கு ஒரு நிமிடம். தடுக்கும், நிற்கும், திரும்ப முதலிலிருந்து வரும். பிப்ரவரியில் எழுத்துக் கூட்டவே திணறியவள் வரியை முடிக்கிறாளே என்று லிஜி பூரித்துப்போனாள். ஆனால் பதினைந்து வீட்டுச் சனம் பூரிக்குமா? மே மாதம் நெருங்க நெருங்க லிஜிக்குப் பதற்றமும் வெப்ராளமும் பிடித்துக்கொண்டன. ஹாஸ்டலில் மஞ்சள் அட்டைக்கு எங்கே இடம்? மறுபடி சிவப்பு மை, மறுபடி அழுகை. பத்து நாள் முன்னதாகப் பங்குக் கோயிலிலிருந்து அன்றைய வாசகம் எதுவென்று தெரிந்ததும், அவள் ஒரு திருட்டு வேலை செய்தாள். படகும் புயலும் வருகிற பகுதி அது. முழுவதையும் போனில் பேசிப் பதிவு செய்து மகளிடம் கொடுத்தாள்.

“கேட்டு மனப்பாடமாக்கு மக்கா. அண்ணைக்குப் புத்தகத்தக் கையில வச்சிட்டு கடகடன்னு சொல்லணும், கேட்டியா?”

“அது வாசிக்கது இல்லியே அம்மா.”

“இந்த ஒருக்காதான்.”

ஜெப்சிக்கு இரண்டு நாள்கூட ஆகவில்லை.

அன்பியத்தன்று சாயங்காலம் வீடு நிரம்பிவிட்டது. பாய்கள், கடன் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் மெழுகுவர்த்தி. அடுக்களையில் கட்டன் சாயா கொதித்துக்கொண்டிருந்தது, தட்டு நிறையப் பழம்பொரி. சகாயமேரி மூக்கில் கண்ணாடியும் நல்ல சேலையுமாகத் தொடக்க ஜெபம் சொன்னாள். அத்தனை நீள ஜெபமும் அவளுக்கு நுனி நாக்கில். முடித்துவிட்டு வழக்கம்போல, “இனி வீட்டுப் பிள்ள வாசிக்கும்” என்றாள்.

ஜெப்சி எழுந்து நின்றாள். புத்தகத்தை விரித்துப் பிடித்து, ஒரே மூச்சில் சொல்லத் தொடங்கினாள். தெளிவான குரல், ஒரு தடங்கல் இல்லை. அடுத்த வீட்டுக்காரி பக்கத்தில் இருந்தவளை இடித்து, “அட, நல்லா வாசிக்காளே” என்றாள். சுவரோரம் நின்ற ததேயுஸின் முகம் மலர்ந்துவிட்டது. பல் தெரியச் சிரித்துக்கொண்டு அவன் லிஜியைப் பார்த்தான். லிஜி மூச்சு விட்டாள்.

அப்போது ஜெப்சி நிறுத்தினாள்.

“இது நான் வாசிக்கல்ல” என்றாள். “போன்ல கேட்டு மனப்பாடமாக்கினது. இனி நெசமாட்டு வாசிக்கேன். கொஞ்சம் நேரமாவும்.”

ஜெப்சி பாவாடைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்துப் பக்கத்தின் மேல் வைத்தாள். விரலை ஊன்றிக்கொண்டு முதல் சொல்லைக் கூட்டினாள். அடுத்த சொல்லில் நின்றாள். திரும்ப முதலிலிருந்து வந்தாள். யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது லிஜிக்குக் கேட்டது. ததேயுஸ் தலையைக் குனிந்துகொண்டான். முதல் வரி முடிவதற்குள் ஒரு குழந்தை அழத் தொடங்கி, அதைத் தூக்கிக்கொண்டு அதன் தாய் வெளியே போய்விட்டாள். ஜூன் மாதம் வந்துவிட்டது என்று லிஜிக்குத் தோன்றியது.

இரண்டாம் வரியின் நடுவில் அடுத்த வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. “மைனி, நேரமாவுது. நீங்க வாங்கி வாசிச்சு முடியுங்க. பிள்ளையும் பாவம்லா.” சொன்னதோடு நிற்காமல், ஜெப்சியின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிச் சகாயமேரியின் மடியில் வைத்துவிட்டாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். சகாயமேரி புத்தகத்தைப் பார்த்தாள். சாக்குச் சொல்வதா அவளுக்குத் தெரியாது? நாற்பது வருடமாகச் சொல்லிப் பழகியவள். ஆனால் எதிரே ஜெப்சி வெறுங்கையோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சகாயமேரி மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“எனக்கு வாசிக்கத் தெரியாது” என்றாள்.

கண்ணாடியை மடக்கிப் பக்கத்தில் வைத்தாள்.

“ரெண்டாம் கிளாசோட என்னை நிறுத்திப்போட்டாவ. அம்மைக்குச் சீக்கு. இவனை எடுக்கதுக்கு ஆளில்ல” என்று தம்பியைக் காட்டினாள். “அதுக்கு இவன் என்ன செய்வான், நாலு மாசப் பிள்ள. வீட்டுப் பிள்ளதான் வாசிக்கணும்னு நான் சட்டம் போட்டது பிள்ளைகளுக்காண்டி இல்ல. எனக்காண்டியாக்கும். இருவது வருசமாட்டு உங்க எல்லாரையும் ஏமாத்தினேன். இந்தச் சின்னது ஒரு நிமிசம் ஏமாத்த மாட்டேங்கு.”

கடிதம் வந்தாலும், கோயில் அறிக்கை வந்தாலும், “வாசி ஏலே, உனக்க வாய் தொறக்கட்டு” என்று அக்கா சின்ன வயதிலிருந்து தன்னிடம் நீட்டியது ததேயுஸுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அவன் சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினான். வீட்டில் வைப்பது பாவம் என்று மைனி சொன்னபோது கலங்கிய கண்ணுக்குக் காரணம் கோபமில்லை என்று லிஜிக்கும் அந்த நிமிடத்தில்தான் புரிந்தது. இத்தனை மாதம் மனசுக்குள் அவளைத் திட்டிய திட்டையெல்லாம் நினைத்து லிஜி கூசிப்போனாள்.

ஜெப்சிக்கு மட்டும் இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. வாசிக்க வராதவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள், சனிக்கிழமை தோறும் அஸ்வதி டீச்சர் வீட்டில். அவள் போய்ச் சகாயமேரி மாமியின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள்.

“மாமி, இந்த அட்டைய நீங்க பிடியுங்க. ஒரு வரிதான் தெரியும், அதுனால பயம் வராது. நான் முடிச்ச பிறவு கீழ இறக்கணும், என்னா?”

சகாயமேரி அட்டையைப் பிடித்தாள். மீன் செதில் அறுத்துத் தழும்பு விழுந்த விரல்கள் அதை வரியோடு ஒட்டி வைத்தன. ஜெப்சி வாசித்தாள். ஒரு வரி முடிந்ததும், “இறக்குங்க மாமி” என்பாள். அட்டை ஒரு வரி இறங்கும். பதினோரு வரிகள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை, யாரும் எழுந்து போகவில்லை. படகில் இருந்தவர்கள் புயலுக்குப் பயந்து அலறுகிற இடத்தில் ஒரு கஷ்டமான சொல்லுக்கு ஜெப்சி நாலு முறை திரும்பி வந்தாள். அந்த அறையில் பாதிப் பேர் புயலில் மாட்டியவர்கள். நாலு முறையும் அவர்கள் அந்தச் சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதைச் சொல்லி முடித்தபோது அடுத்த வீட்டுக்காரி, “அப்பாடி” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

முடிந்து பார்த்தால் சாயா சுண்டிப்போயிருந்தது. அதையே குடித்தார்கள்.

எல்லாரும் போன பிறகு லிஜி மகளிடம் கேட்டாள். “நல்லாத்தானே போச்சு, ஏன் மக்கா நிறுத்தின?”

“அப்பா சிரிச்சாரு. பொய்யிக்கு அவரு அப்படி சிரிச்சது எனக்குக் கஷ்டமாட்டு இருந்து.”

லிஜி அவளைக் கட்டிக்கொண்டாள். பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒரு வரி, பிள்ளை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பக்கம் என்று நினைத்தாள். கடவுளே, இவளை எனக்குத் தந்தாயே, இவளை அடித்த கைக்கே தந்தாயே என்று மாதா படத்தைப் பார்த்து நன்றி சொன்னாள். அஸ்வதி டீச்சருக்கு நடந்ததையெல்லாம் போனில் பேசி அனுப்பினாள். பாதிக்கு மேல் அழுகைதான் பதிவாகியிருந்தது.

மறுநாள் கடலிலிருந்து வந்த ததேயுஸ், வலையைக் கூட இறக்கி வைக்காமல், “ஹாஸ்டலுக்குப் பெட்டி ஒண்ணும் வாங்காண்டாம்” என்று மட்டும் சொன்னான். சொல்லிவிட்டு ஜெப்சிக்காக நல்ல நெய்மீன் துண்டு இரண்டை எடுத்து வைத்தான்.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு வாசலில் சத்தம் கேட்டது. வழக்கமாக முன்னால் வருகிற குரல் இல்லை, மீன் சட்டியைக் கவிழ்த்து வைக்கிற சத்தம். சகாயமேரி குழாயடியில் காலைக் கழுவி, முகம் கழுவி, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் புதிதாக வாங்கிய நோட்டு ஒன்று. ஜெப்சி மணல் தாம்பாளத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாமிக்கென்று அன்று காலையிலேயே வெட்டி வைத்த இன்னொரு மஞ்சள் அட்டை.

சகாயமேரி உட்காரவில்லை. நாலு பக்கமும் பார்த்தாள்.

“பெல்லு எங்கட்டி லிஜி?”

“அது பரண்ல கெடக்கு மைனி. இங்க இப்பம் பெல்லு எல்லாம் கெடையாது. பிள்ளைக்குப் பிடிக்காது.”

“ஓ” என்றாள் சகாயமேரி. கொஞ்ச நேரம் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னாள். “நம்ம பழைய வீடு பள்ளியூடத்துக்கப் பக்கத்துலதான். நான் பெல்லு கேட்டு ஓடினது ரெண்டே வருசம். பிறவு தினமும் அது அடிக்கும், நான் தம்பிய இடுப்புல வச்சிட்டு வாசல்ல நிப்பேன்.”

லிஜி வாயைத் திறப்பதற்குள் ஜெப்சி நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிவிட்டாள். பரணுக்குள் கையை விட்டுத் துழாவி, தூசும் ஒட்டடையுமாக அந்தப் பித்தளை மணியை எடுத்தாள். மூன்று மாதம் அவளை அழ வைத்த மணி. பாவாடையில் அதைத் துடைத்தாள். நாற்காலி மேல் நின்றபடியே, கை வலிக்கிற அளவுக்கு ஓங்கி அடித்தாள்.

ஏற்கெனவே உள்ளே நின்றிருந்த சகாயமேரி, அவசரமாக வாசலுக்கு வெளியே போனாள். சேலையைச் சரிசெய்து, நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, திரும்ப ஓட்டமாக உள்ளே வந்தாள்.